அமிலம் கொடுக்கும் புரோட்டான் எங்கிருந்து வருகிறது?

மின்மினி:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளியில் வேதியியல் படிக்கிறேன். ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

வேதிவினை எதுவானாலும் புரோட்டான் எண்ணிக்கை மாறாது, எலக்ட்ரான்தான் போகும் வரும் என்று அணு அமைப்புப் பாடத்தில் படித்தோம். சோடியத்துக்கு 11 புரோட்டான். அயனியானாலும் 11தான், எலக்ட்ரான் மட்டும் 10 ஆகிவிடும். இதுவரை புரிகிறது. அமிலம், காரம் பாடத்துக்கு வந்தால், புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம் என்று போட்டிருக்கிறது. புரோட்டான் அணுக்கருவை விட்டு நகராது என்றுதானே முந்தின பாடத்தில் சொன்னார்கள்? ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கொண்டால் ஹைட்ரஜனில் 1, குளோரினில் 17, ஆக மொத்தம் 18 புரோட்டான். அதில் எது வெளியே போகிறது? குளோரின் ஒன்றைக் கொடுத்தால் 16 ஆகி, அது கந்தகமாகிவிடுமே?

கரும்பலகை:
கந்தகம் வரைக்கும் யோசித்துப் பார்த்திருக்கிறீர்கள், அருமை. இரண்டு பாடமும் சொல்வது சரிதான். முடிச்சு ஹைட்ரஜனில் இருக்கிறது.

இயற்கையில் கிடைக்கும் ஹைட்ரஜன் அணுக்களில் 99.98 சதவீதத்துக்கு நியூட்ரானே கிடையாது. அணுக்கரு என்றால் ஒரே ஒரு புரோட்டான், சுற்றி ஒரே ஓர் எலக்ட்ரான், அவ்வளவுதான். அந்த எலக்ட்ரான் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் அணுக்கரு. அதாவது ஒரு புரோட்டான்.

ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறில் ஹைட்ரஜனும் குளோரினும் இரண்டு எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நீரில் அந்தப் பிணைப்பு அறும்போது இரண்டு எலக்ட்ரானும் குளோரின் பக்கமே தங்கிவிடுகின்றன. எண்ணிப் பாருங்கள். குளோரின்: 17 புரோட்டான், 18 எலக்ட்ரான், மின்சுமை −1. ஹைட்ரஜன்: 1 புரோட்டான், எலக்ட்ரான் இல்லை, மின்சுமை +1. வினைக்கு முன்னும் 18 புரோட்டான், 18 எலக்ட்ரான், பின்னும் அதே. எந்த அணுக்கருவும் உடையவில்லை. ஹைட்ரஜனின் அணுக்கரு முழுதாக ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோர் இடத்துக்குப் போகிறது. "அமிலம் புரோட்டானைக் கொடுக்கிறது" என்று 1923இல் பிரான்ஸ்டெடும் லௌரியும் தனித்தனியாகச் சொன்னபோது அவர்கள் மனத்தில் இருந்த புரோட்டான் இதுதான்.

அணுக்கரு:
கரும்பலகை சார் சொன்னதோடு இரண்டு எண்களைச் சேர்க்கிறேன். ஹைட்ரஜன், குளோரின் பிணைப்பை அறுக்க ஒரு மூலக்கூறுக்குச் சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) போதும். குளோரின் அணுக்கருவுக்குள் இருக்கும் 17 புரோட்டான்களில் ஒன்றைப் பிடுங்க 60 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். சோதனைக்குழாயில் நடக்கும் எதுவும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. உங்கள் முதல் பாடத்தின் விதிக்கு அடிப்படை இதுதான்.

அப்படி அணுக்கருவிலிருந்தே ஒரு புரோட்டானை வெளியேற்றிக் காட்டியவர் ரூதர்ஃபோர்டு. நைட்ரஜன் வாயுவில் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டபோது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தெறித்து வருவதை 1919இல் வெளியிட்டார். அதில் தனிமம் மெய்யாகவே மாறியது. 7 புரோட்டான் உள்ள நைட்ரஜனோடு 2 புரோட்டான் உள்ள ஆல்ஃபா சேர, ஒன்று வெளியேற, மிஞ்சியது 8 புரோட்டான் உள்ள ஆக்சிஜன். கந்தகமாகிவிடாதா என்று நீங்கள் பயந்தது இந்த வகை வினையில்தான் நடக்கும்.

மின்மினி:
அப்பாடா, இப்போது தெளிந்தது. நன்றி சார். ஹைட்ரஜனைத் தவிர வேறு எந்த அணுவும் இப்படி வெறும் அணுக்கருவாக நகராது, இல்லையா?

கரும்பலகை:
சாதாரணக் கரைசல்களில் நகராது. லித்தியம், சோடியம் எல்லாம் அயனியான பிறகும் உள்கூட்டு எலக்ட்ரான்களைப் போர்த்திக்கொண்டுதான் இருக்கும். ஹைட்ரஜனுக்கு உள்கூடே கிடையாது.

துளி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உப்பின் கதை இதைவிட எளிது என்று நினைக்கிறேன். சோடியத்துக்கு வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் மட்டும் இருப்பதால் அது நிலையில்லாமல் தவிக்கிறது. எட்டு எலக்ட்ரான் அமைப்பு கிடைக்கட்டும் என்று தானாகவே எலக்ட்ரானை விட்டுவிடுகிறது. குளோரின் ஆசையாக வாங்கிக்கொள்கிறது. அதனால் அயனி உண்டாகிறது. எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அணுக்கரு:
துளி, இந்த விளக்கத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நினைவில் வைக்க உதவும், ஆனால் எண்களோடு ஒத்துப்போகாது. தனித்த சோடியம் அணு தானாக எலக்ட்ரானை விடாது. 11 புரோட்டான்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. வாயு நிலையில் ஒரு மோல் (சுமார் 6 × 10²³ அணுக்கள்) சோடியத்திலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் ஓர் எலக்ட்ரானை வாங்கும்போது வெளிவிடுவது 349 கிலோஜூல். கழித்துப் பாருங்கள், 147 கிலோஜூல் துண்டு விழுகிறது. ஒரு சோடியம் அணுவையும் ஒரு குளோரின் அணுவையும் வெற்றிடத்தில் தொலைவாக வைத்துவிட்டால் எலக்ட்ரான் கைமாறவே மாறாது. எட்டு எலக்ட்ரான் கிடைக்கும் என்பதற்காக யாரும் 147 கிலோஜூலை இலவசமாகத் தருவதில்லை.

அந்தக் கடனை அடைப்பது படிகம். நேரயனியும் எதிரயனியும் ஒன்றையொன்று இழுத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் மாற்று மின்சுமை உள்ள ஆறு அயனிகள் என்று அடுக்கிக்கொள்ளும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளிவருகிறது. உலோகத்தை ஆவியாக்கும் செலவு 107, குளோரின் மூலக்கூறைப் பிரிக்கும் செலவு 121, எல்லாம் போக சுமார் 411 கிலோஜூல் மிச்சம். சோடியத்தைக் குளோரினில் எரித்தால் வரும் வெப்பம் அதுதான்.

சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானையும் கொடுப்பதில்லை என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். இரண்டாவதுக்கு 4562 கிலோஜூல். அது உள்கூட்டிலிருந்து வர வேண்டும். எந்தப் படிகமும் அவ்வளவு திருப்பித் தராது. மெக்னீசியத்துக்கு முதலாவது 738, இரண்டாவது 1451, மூன்றாவது 7733. இரண்டோடு நிற்கிறது. ஆக எட்டு எலக்ட்ரான் விதி பலித்துவிடுகிறது, ஆனால் அணுவின் ஆசையால் அல்ல. உள்கூட்டைத் தொடும் இடத்தில் செலவு எகிறிவிடுவதுதான் காரணம்.

துளி:
147 துண்டு விழும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அப்படியானால் உப்பு நீரில் கரையும்போது? அப்போதும் யாரோ செலவு செய்ய வேண்டுமே?

ஆய்வகவாசி:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், தினமும் கரைசல்களோடுதான் வேலை.

உப்புப் படிகத்தில் அயனிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நீர் அவற்றைப் புதிதாக உருவாக்குவதில்லை, பிரித்து எடுக்கிறது. பிரிக்க வேண்டிய செலவு அதே 787. நீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் முனையைச் சோடியம் பக்கமும் ஹைட்ரஜன் முனையைக் குளோரைடு பக்கமும் திருப்பிச் சூழ்ந்துகொள்வதால் கிடைப்பது சுமார் 783. நான்கு கிலோஜூல் குறைகிறது. அதனால்தான் சமையலுப்பு கரையும்போது நீர் லேசாகக் குளிர்கிறது. அந்தச் சிறு குறையை ஈடுகட்டிக் கரையச் செய்வது, கரைந்தபின் அயனிகளுக்குக் கிடைக்கும் ஒழுங்கற்ற பரவல்.

இரண்டு மின்முனை, ஒரு பல்பு, மின்கலம் வைத்துச் சோதிக்கும் எளிய சுற்று உங்கள் ஆய்வகத்திலும் இருக்கும். உலர்ந்த உப்பில் முனைகளைச் செருகினால் பல்பு எரியாது, அயனி இருந்தும் நகர வழியில்லை. வாலை வடிநீரிலும் எரியாது. இரண்டையும் கலந்தால் பளிச்சென்று எரியும். நீரே இல்லாமல் 801 டிகிரி செல்சியசில் உப்பை உருக்கினாலும் மின்சாரம் பாயும்.

ஹைட்ரஜன் குளோரைடு இப்படி அல்ல. அது சகப்பிணைப்பு மூலக்கூறு. வாயுவாக இருக்கும்போது உள்ளே அயனியே கிடையாது. அந்த வாயுவை ஈரமில்லாத டொலுயீனில் கரைத்துச் சுற்றில் வைத்தால் பல்பு எரியாது. உலர்ந்த நீல லிட்மஸ் தாளை அதில் நனைத்தால் நிறம் மாறாது. மெக்னீசியம் துண்டைப் போட்டால் குமிழியும் வராது. அந்தக் கரைசலோடு கொஞ்சம் நீர் சேர்த்து நன்றாகக் குலுக்கி, கீழே தங்கும் நீர் அடுக்கைச் சோதியுங்கள். லிட்மஸ் சிவக்கும், பல்பு எரியும், மெக்னீசியம் பொங்கும். அதே பொருள்தான், நீர் வந்ததும் அமிலமாக நடந்துகொள்கிறது. என்னைக் கேட்டால், அமிலப் பாடத்தைத் தொடங்கும் எல்லா வகுப்பிலும் முதலில் இதைச் செய்து காட்ட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அமிலத்தன்மை மூலக்கூறுக்கு மட்டுமே சொந்தமான குணம் என்ற எண்ணம் வராது. வாங்க ஆள் இருந்தால்தான் கொடுப்பது நடக்கும்.

மின்மினி:
ஆய்வகவாசி அக்கா, அப்படியானால் ஒரே ஒரு நீர் மூலக்கூறு பக்கத்தில் இருந்தால் போதுமா? பாடத்தில் சமன்பாடு அப்படித்தான் இருக்கிறது: ஒரு ஹைட்ரஜன் குளோரைடு, ஒரு நீர், உடனே ஹைட்ரோனியம் அயனியும் (புரோட்டானை வாங்கிக்கொண்ட நீர் மூலக்கூறு) குளோரைடு அயனியும்.

அணுக்கரு:
போதாது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, பலர் அந்தச் சமன்பாட்டை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

வாயு நிலையில் குளோரைடிடமிருந்து புரோட்டானைப் பிரிக்க மோலுக்கு 1395 கிலோஜூல் வேண்டும். ஒற்றை நீர் மூலக்கூறு அந்தப் புரோட்டானை ஏற்றால் 691தான் கிடைக்கும். உருவான இரு அயனிகளும் ஒட்டிக்கொண்டே இருந்தால் இழுவிசையால் கொஞ்சம் மீளும், ஆனாலும் போதாது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்து நிற்குமே தவிர அயனியாகாது. நீர் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எப்போது அயனியாகும்? 2009இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்குழு, மிகக் குளிர்ந்த ஹீலியம் துளிகளுக்குள் இதைச் செய்து பார்த்தது. வெப்பநிலை ஒரு கெல்வினுக்கும் கீழே. நான்காவது நீர் மூலக்கூறு சேர்ந்தபோது புரோட்டான் கைமாறியதற்கான அடையாளம் அகச்சிவப்பு நிறமாலையில் தெரிந்தது என்று அறிவித்தார்கள்.

ஆகவே சமன்பாட்டில் ஒரு நீர் மூலக்கூறு எழுதியிருப்பது கணக்குக்காக. உண்மையில் அங்கே ஒரு கூட்டமே வேலை செய்கிறது.

துளி:
ஹைட்ரஜன் அயனி என்று எழுதுவதா, ஹைட்ரோனியம் என்று எழுதுவதா? சிலர் முன்னதைத் தவறு என்கிறார்கள்.

கரும்பலகை:
நான் இரண்டையும் ஏற்றுக்கொள்வேன். கணக்குப் போடும்போது சுருக்கமாக ஹைட்ரஜன் அயனி என்று எழுதினால் விடை ஒன்றும் கெடாது.

அணுக்கரு:
இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை சார். கணக்குக்குச் சரி. ஆனால் முதன்முதலில் கற்கும் பிள்ளைகள் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு நீருக்குள் வெறும் புரோட்டான்கள் மிதப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

அளவைப் பாருங்கள். புரோட்டானின் ஆரம் சுமார் 0.84 ஃபெம்டோமீட்டர். சோடியம் அயனியின் ஆரம் 102 பிகோமீட்டர். ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம், ஆனால் மின்சுமை இரண்டுக்கும் ஒன்றுதான். அத்தனை சிறிய இடத்தில் அவ்வளவு மின்சுமை இருந்தால் பக்கத்தில் இருக்கும் எந்த எலக்ட்ரான் இணையையும் அது விடாது. சோடியம் அயனியை நீர் சூழும்போது வெளிவருவது 400 கிலோஜூல் அளவு. புரோட்டானுக்கு 1100ஐ ஒட்டி வருகிறது. ஹைட்ரோனியம்கூட முழு உண்மை அல்ல. அதைச் சுற்றி மூன்று நீர் மூலக்கூறுகள் இறுக்கமாக நிற்கும் வடிவமும் உண்டு, இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒரு புரோட்டானை நடுவில் வைத்துச் சமமாகப் பகிரும் வடிவமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது.

கரும்பலகை:
ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கற்பனை ஆபத்துதான். ஆனால் அதற்குத் தீர்வு எழுத்தை மாற்றுவது அல்ல, படம் வரைந்து காட்டுவது. படத்தைப் பார்த்த பிள்ளைக்குச் சுருக்கெழுத்து தடையாக இருக்காது. அது நிற்க, இதே காரணத்தால்தான் மின்கடத்தலில் புரோட்டான் எல்லாரையும் முந்துகிறது. 25 டிகிரியில் மிக நீர்த்த கரைசலில் மோலார் கடத்துத்திறன், சோடியம் அயனிக்கு 50, பொட்டாசியத்துக்கு 73.5, ஹைட்ரஜன் அயனிக்கு 350. நீர் மூலக்கூறுகளைத் தள்ளிக்கொண்டு நீந்த வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஒரு நீர் மூலக்கூறு இந்தப் பக்கம் ஒரு புரோட்டானை வாங்கி, அந்தப் பக்கம் தன்னிடமுள்ள வேறொரு புரோட்டானை அடுத்ததற்குக் கொடுத்துவிடுகிறது. போய்ச் சேரும் புரோட்டான் கிளம்பிய புரோட்டானாக இருக்க வேண்டியதே இல்லை. 1806இலேயே குரோத்தஸ் இந்த மாதிரிக் கைமாற்றத்தை ஊகித்தார். அப்போது அயனி என்ற கருத்தே பிறக்கவில்லை.

மின்மினி:
இன்னொன்று. அசிட்டிக் அமிலமும் புரோட்டானைத்தான் கொடுக்கிறது. பிறகு ஏன் அது வலிமை குறைந்தது? செறிவைக் கூட்டினால் வலிமை மிகு அமிலமாகிவிடாதா?

ஆய்வகவாசி:
ஆகாது. செறிவு என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம் போட்டீர்கள் என்பது. வலிமை என்பது போட்டதில் எவ்வளவு பங்கு அயனியாகிறது என்பது.

இரண்டு குடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்னொன்றில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம். பார்க்க இரண்டும் தண்ணீர் போலத்தான். கடத்துமானியை முதல் குடுவையில் இறக்கினால் சென்டிமீட்டருக்கு 39 மில்லிசீமன்ஸ் காட்டும். கழுவித் துடைத்து இரண்டாவதில் இறக்கினால் 0.52தான், 75 மடங்கு குறைவு. பிஎச் (ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் காட்டும் எண், அயனி கூடினால் எண் குறையும்) முதலாவதுக்கு 1ஐ ஒட்டி, இரண்டாவதுக்கு 2.9. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵ என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், நூறு மூலக்கூறில் ஒன்றேகால் அளவுதான் அயனியாகியிருக்கிறது.

இப்போது இரண்டிலும் 25 மில்லிலிட்டர் எடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஃபீனாப்தலின் இளஞ்சிவப்பாவதற்கு இரண்டுக்கும் அதே 25 மில்லிலிட்டர்தான் ஆகும். அயனியானது ஒரு சதவீதமும் கொஞ்சமும்தானே, மற்ற 98 எப்படி வினைபுரிந்தது? இருக்கும் புரோட்டானை ஹைட்ராக்சைடு எடுத்துக்கொண்டதும், சமநிலை கலைந்து அடுத்த மூலக்கூறு அயனியாகிறது. அதையும் எடுத்தால் அடுத்தது. கடைசி மூலக்கூறு வரைக்கும் இப்படியே போகும். இதைச் செய்து பார்த்தவர்கள் வலிமையையும் அளவையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

செறிவைக் கூட்டுவது பற்றிக் கேட்டீர்கள். நடப்பது நேர்மாறு. அதே அசிட்டிக் அமிலத்தை 0.001 மோலாராக நீர்த்தால் அயனியாகும் பங்கு 12.5 சதவீதத்துக்கு ஏறிவிடும். பிரிந்த அயனிகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு குறைகிறது, மறுபடி சேருவது குறைகிறது. ஆஸ்ட்வால்டு 1888இல் கொடுத்த நீர்த்தல் விதி இதுதான். நீர் கலக்காத அசிட்டிக் அமிலமோ ஏறக்குறைய மின்சாரத்தையே கடத்தாது.

துளி:
ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்கிறதே, அது வலிமை மிகு அமிலம்தானே?

கரும்பலகை:
இல்லை. அதன் 0.1 மோலார் கரைசலில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் அயனியாகிறது. ஹைட்ரஜன், ஃபுளூரின் பிணைப்பு மிக உறுதியானது. மோலுக்கு சுமார் 570 கிலோஜூல், ஹைட்ரஜன் குளோரைடுக்கு 431தான். கண்ணாடியை அரிப்பது, ஃபுளூரினுக்குச் சிலிக்கனோடு இருக்கும் பிடிப்பினால். ஆபத்தையும் அமில வலிமையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உள்ளே ஊடுருவிக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. வலிமை குறைந்தது என்ற பெயரைப் பார்த்து யாரும் அலட்சியமாகக் கையாள வேண்டாம்.

மின்மினி:
கடைசிக் கேள்வி. அமிலமே போடாத தூய நீரிலும் அயனி உண்டு என்கிறார்கள். அங்கே யார் யாருக்குப் புரோட்டானைக் கொடுப்பார்கள்?

அணுக்கரு:
நீரே நீருக்குக் கொடுக்கும். ஒரு நீர் மூலக்கூறு அமிலமாகவும் பக்கத்தில் இருப்பது காரமாகவும் நடந்துகொள்கிறது. ஒன்று ஹைட்ராக்சைடு ஆகிறது, மற்றது ஹைட்ரோனியம் ஆகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 10⁻⁷ மோல். ஒரு லிட்டர் நீரில் 55.5 மோல் நீர் இருப்பதால், கிட்டத்தட்ட 55 கோடி மூலக்கூறுக்கு ஒன்று என்ற விகிதம். வாலை வடிநீரில் பல்பு எரியாததற்கு இதுதான் காரணம். ஆனால் எண்ணிக்கையாகப் பார்த்தால் லிட்டருக்கு 6 × 10¹⁶ ஹைட்ரோனியம் அயனி, கொஞ்சநஞ்சம் அல்ல.

ஹைட்ரோனியமும் ஹைட்ராக்சைடும் மறுபடி ஒன்றாகச் சேரும் வேகத்தை ஜெர்மன் வேதியியலாளர் ஐகன் 1950களில் அளந்தார். மிக வேகமான வினைகளை அளந்ததற்காக 1967இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த அளவீடுகளிலிருந்து கணக்கிட்டால், குறிப்பிட்ட ஒரு நீர் மூலக்கூறு அயனியாகப் பிரிய சராசரியாகப் பதினொரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிரிந்த அயனிகளோ ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் எதிர் அயனியைச் சந்தித்து மறுபடி நீராகிவிடும்.

துளி:
சூடாக்கினால் இந்த அயனியாதல் கூடுமா?

ஆய்வகவாசி:
கூடும், பிரிவதற்கு வெப்பம் வேண்டும் அல்லவா. 60 டிகிரியில் தூய நீரின் பிஎச் 6.5 ஆகிவிடும். அமிலமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹைட்ராக்சைடும் அதே அளவு கூடியிருக்கிறது, ஆகவே அது நடுநிலையில்தான் இருக்கிறது. 7 என்பது 25 டிகிரிக்கு மட்டும் உரிய எண். சூடான மாதிரியின் பிஎச்சைக் குறிக்கும்போது பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதிவிடுங்கள்.